பஸ் நின்ற மாசம்

சாணார்பட்டிப் பக்கம் அரை ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கும் பேச்சாயிக்கு ஒரே ஒரு பதில்தான் மனப்பாடம். மகள் கீர்த்தனா ஏன் ஒன்பதாவதோடு நின்றாள் என்று யார் கேட்டாலும், "காலை பஸ்ஸ நிப்பாட்டிட்டாய்ங்க" என்பாள். கேட்டவர்கள் அரசாங்கத்தைத் திட்டுவார்கள். பேச்சாயியும் கூடச் சேர்ந்து திட்டுவாள். ஆறு வருசமாக இந்தப் பதில் நன்றாகவே ஓடியது. பஸ்தான் ஓடவில்லை.

பிள்ளைகள் ஏன் படிப்பை விடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய மதுரையிலிருந்து வந்த அன்புக்கரசி யாரையும் திட்டவில்லை.

"பஸ் எந்த மாசம் நின்னுச்சுக்கா?"

"ஆடியில. காத்துல எங்க கூரைத் தகரம் பறந்துச்சே, அந்த வாரம்."

"பாப்பா எப்ப நின்னா?"

"அந்த வருசச் சிவராத்திரிக்கு முந்துன வாரம். பூவுக்கு அம்புட்டுக் கிராக்கி..." பேச்சாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சிவராத்திரி மாசியில். பஸ் நின்ற ஆடிக்கு அஞ்சு மாசம் முந்தியே.

"நீ சொல்லு கீர்த்தனா. என்ன நடந்துச்சு, ஒன்னொன்னா."

பூக் கட்டிக்கொண்டிருந்த கீர்த்தனா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். மொட்டு விரியுமுன் பறித்தால்தான் திண்டுக்கல் மார்க்கெட்டில் மதிப்பு. விடியுமுன்னே அம்மா எழுப்பிவிடும். பறித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். நடந்து போய்ச் சேர்ந்தால் இரண்டாவது பீரியடு. 'பஸ் வரலைன்னு சொல்லு' என்று அம்மாதான் சொல்லிக்கொடுத்தது. அவளும் வாரக்கணக்கில் சொன்னாள். ஒருநாள் டீச்சரின் ஸ்கூட்டி பஞ்சராகி, டீச்சரே அந்தக் காலை பஸ்ஸில் வந்திருந்தார். அன்றும் அவள் அதையே சொன்னாள்.

"கிளாஸ்ல நாப்பது பேரும் சிரிச்சாங்கக்கா. மறுநாள் நான் போகல. அம்மாவும் போன்னு சொல்லல."

"அன்னைக்கு அவளுக்கு வயித்துவலி" என்றாள் பேச்சாயி. யாரும் கேட்காமலே வந்த பதில். நூல்கண்டை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"நான் என்னக்கா எழுதட்டும்?" என்று அன்புக்கரசி பேச்சாயியைக் கேட்டாள்.

மகள் முந்திக்கொண்டாள். "பஸ்ஸுன்னே எழுதுங்கக்கா. எங்கம்மாவுக்குச் சொல்லிக்க அது ஒன்னுதான் இருக்கு."

அன்புக்கரசி எழுதாமலே நோட்டை மூடினாள்.

மறுநாள் விடியுமுன் பேச்சாயி மகளை எழுப்பவில்லை. சத்தம் காட்டாமல் கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். அங்கே கீர்த்தனா நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஏற்கெனவே இரண்டு வரிசை பறித்து முடித்திருந்தாள்.