முதுகில் கை எட்டாத இடம்

முதுகில் கை எட்டாத இடம் ஒன்று எல்லாருக்கும் இருக்கிறது. என்னுடையதன் எல்லைகள் எனக்குத் தெரியும். வலது கையைத் தோளுக்கு மேலாக வளைத்தால் தோள்பட்டை எலும்பின் மேல் விளிம்பு வரை போகும். இடது கையை இடுப்பு வழியாக ஏற்றினால் அதற்குக் கீழே சற்றுத் தூரத்தில் நின்றுவிடும். நடுவில் உள்ள பகுதிக்கு எந்தக் கையும் போகாது. என் சோரியாசிஸ் முழங்கைகளில் தொடங்கி, தலைமுடி ஓரத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்த நடுப்பகுதியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

காரிமங்கலத்துக்கு வெளியே மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பழக் காலத்தில் லாரிகள் சாலை வரைக்கும் நிற்கும்; ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது. சீசன் முடிந்தால் குடோனில் டிரம்களும் கூடத்தில் நாங்கள் நாலைந்து பேரும் மட்டும்தான். இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, டிரம்மின் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டே ஒரு முழு நாளைப் பேசாமல் கழித்துவிடலாம். முழுக்கை கோட்டு போட்டிருப்பேன். இந்த நோய் தொற்றாது என்று மருத்துவச் சான்றும் கொடுத்திருக்கிறேன். யாரும் என்னை எதுவும் சொன்னதில்லை. மதியம் எல்லாரும் எல்லாருடைய டிபனிலும் கைவைத்துச் சாப்பிடுவார்கள். என் உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் வைத்தது வைத்தபடி வீட்டுக்குத் திரும்பும்.

அம்மாவும் அப்பாவும் பெங்களூரில் இருக்கிறார்கள். கட்டி முடியாத அடுக்குமாடி ஒன்றுக்குக் காவல். அங்கேயே ஒரு தகரக் கொட்டகையில் குடித்தனம். அம்மா போனில் கேட்பது எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும்.

"அரிப்பு கொறஞ்சிதா? கத்திரிக்கா தின்னியா? கருவாடு?"

"இல்லம்மா."

"பின்ன எதனாலதான் வருது?"

அதற்குப் பதில் நான் படித்ததிலும் தெளிவாக இல்லை. "நீ சாப்ட்டியா?" என்று கேட்டு முடித்துவிடுவேன்.

தர்மபுரியில் நான் பார்க்கும் தோல் மருத்துவர் வளவளவென்று பேசாத அம்மா. முதுகைப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், எழுதினார்.

"இது ஸ்டீராய்டு ஆயின்மென்ட். இதைப் பார்த்து பயப்படவும் வேண்டாம், இது மேல பாசம் வைக்கவும் வேண்டாம்" என்றார். பிறகு மேசை மேலிருந்த ஒரு பழைய டியூபைத் திறந்து, தன் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரைக்கும் ஒரு கோடாகப் பிதுக்கிக் காட்டினார். "இவ்வளவு மருந்து, உங்க கை ரெண்டையும் விரிச்சு வெச்சா எவ்வளவு இடமோ, அவ்வளவு இடத்துக்குப் போதும். அதுக்கு மேல போட்டா வீண் இல்ல, கெடுதல். நாளைக்கு ஒரு தடவை. தடிப்பு மேல மட்டும். முகத்துல, அக்குள்ல, தொடை இடுக்குல படவே கூடாது. நல்லாயிட்டுதுன்னு நீங்களா நிறுத்தாதீங்க. ஆகலைன்னு நீங்களா கூட்டாதீங்க. மேல பிளாஸ்டிக் எதையும் வெச்சு மூடாதீங்க. ரெண்டு வாரத்துல வந்து காட்டுங்க."

எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டேன். குறிப்பதற்கு இல்லாத ஒரு கேள்வி கடைசியில் வந்தது.

"முதுகுக்கு யார் போட்டுவிடுவாங்க?"

"பாத்துக்கறேங்க டாக்டர்."

கீழே மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, அதைவிட மலிவாக ஒரு டியூபை எடுத்து வைத்தார். "இதுல மூணு மருந்து கலந்திருக்குதுங்க. படைக்கும் கேக்கும், அரிப்புக்கும் கேக்கும். பொண்ணுங்க மூஞ்சி வெளுக்கக்கூட இதத்தான் வாங்கறாங்க." சீட்டில் இருப்பதையே கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சோறு எடுக்கும் பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் மருந்தை வைத்து, கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்று தடவுவது என்று திட்டம். தடவிய பிறகு போனில் படமெடுத்துப் பார்த்தேன். மருந்து தடிப்புக்கு நாலு விரல் தள்ளி, நல்ல தோலில், நத்தை ஊர்ந்த தடம் போல மினுங்கியது. மறுநாள் கண்ணாடியில் இடம் வலம் மாறுவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முயன்றேன். பாதி நைட்டியில் ஒட்டியது. பரிசோதனைக் கூடத்தில் ஒரு துளி சிந்தினாலும் மறுபடி முதலிலிருந்து செய்கிறவள் நான். இங்கே மறுபடி செய்யக் கூடாது; ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்.

நைட்டிதான் காட்டிக்கொடுத்தது. நான் மாடி அறையில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்கார அக்கா. அவர் கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் சில நாள்தான் வீட்டில் இருப்பார். மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. சாயந்திரம் மொட்டை மாடியில் துணி எடுக்க வந்தவர் என் நைட்டியைக் கொடியிலிருந்து உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம் பாப்பா, முதுவு பூரா என்னா எண்ணெக் கறை? சுவத்துல சாஞ்சிக்கினு பலகாரம் சுட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். கரண்டியையும் காட்டினேன். அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"இத்தினி படிச்சிட்டு முதுவுக்குக் கரண்டி! எங்கிட்ட சொல்றதுக்கு என்னா? திரும்பு."

"தொத்தாதுங்க அக்கா" என்றேன். எப்போதும் தயாராக வைத்திருக்கும் வாக்கியம் அது.

"நான் கேட்டனா?" என்றார்.

அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் குளித்துவிட்டுக் கீழே போவேன். அக்கா சமையற்கட்டில் மணையைப் போட்டு வைத்திருப்பார். விரல் நுனிக் கணக்கை நான் விளக்கியபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இது கொழந்தைக்கிப் பொட்டு வெக்கக்கூட பத்தாதே. மருந்துக்கார அம்மா ரொம்ப கெட்டிக்காரி போல" என்றார். ஆனாலும் நான் பிதுக்கிக் கொடுத்த அளவைத்தான் தடவினார். அரிவாள்மணையும் புளியும் பழகிக் காய்த்துப்போன கை. தடிப்பின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதை நான் படமெடுத்துத் தெரிந்துகொண்டதைவிட அந்தக் கை சரியாகக் கண்டுபிடித்தது. தடவும்போது சீரியலில் வரும் மாமியாரைத் திட்டுவார். "இவளுக்கெல்லாம் வரக் கூடாதா இந்த நோவு? உனக்குப் போயி வந்துக்கீது."

இலை வந்தது மூன்றாம் நாளோ நாலாம் நாளோ. வீட்டுக்குப் பின்னால் ஆமணக்குச் செடிகள் நிற்கின்றன. அக்கா ஓர் அகலமான இலையைப் பறித்து, அடுப்புத் தணலில் வாட்டி வைத்திருந்தார்.

"மருந்த போட்டுச் சும்மா வுட்டா துணிதான் குடிக்கும். எங்கூட்ல வீக்கமோ வலியோ எதுக்கும் எலை வெச்சிக் கட்டுனாத்தான் மருந்து நிக்கும்" என்றார்.

எனக்கு யோசிக்கத் தெரியும், யோசித்தேன். டாக்டர் வேண்டாமென்றது பிளாஸ்டிக்கை. பிளாஸ்டிக்கில் காற்றுப் போகாது. இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, இலை மூச்சு விடும். அப்படியானால் இலை மூடியே அல்ல. நல்ல தர்க்கம்தான். முடிவு முதலில் வந்து, காரணங்கள் அதன் பின்னால் வரிசையில் வந்து நின்றன என்பதை இப்போது எழுதும்போது பார்க்கிறேன். வாட்டிய இலையின் சூடு முதுகில் பட்டது. அக்கா பழைய புடவைக் கிழிசலை மார்பைச் சுற்றி இரண்டு சுற்று கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். முடிச்சு இறுக்கமா என்று பார்க்க ஒரு கையைத் தோளில் வைத்து அழுத்தினார். அன்றைக்கு முழுவதும் பஸ்ஸில் இடித்தவர்களைத் தவிர யாரும் என்னைத் தொட்டிருக்கவில்லை. அந்த வாரத்தில்கூட அக்காவைத் தவிர யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.

மருந்து வேலை செய்த வேகம் எங்கள் இருவரையும் மயக்கிவிட்டது. செதில்கள் உதிர்ந்தன. சிவப்பு வெளிறியது.

"பாத்தியா? பாதி மருந்துக்கார அம்மா, பாதி நானு" என்றார் அக்கா.

சொன்ன தேதியில் தர்மபுரிக்குப் போனேன். டாக்டர் விடுப்பில் இருந்தார்; அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று சொல்லியிருந்ததால் அந்த வாரமும் மருந்து, இலை, முடிச்சு எல்லாம் நடந்தன. கடைசி இரண்டு நாள் முதுகில் புதிதாக ஒரு எரிச்சல் இருந்தது. அக்காவிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் என் முதுகைப் பார்த்தார். பிறகு என் போனை வாங்கிப் படமெடுத்து என்னிடமே காட்டினார். தடிப்பு இருந்த இடம் அடங்கியிருந்தது. ஆனால் அதைச் சுற்றி நல்ல தோலும் வெங்காயத் தோல் போல மெலிதாக மினுங்கியது. முடிக்கால்களில் சிறு சிறு கொப்புளங்கள். வெளிறிய பகுதியின் ஓரம் ஒரு பக்கம் விரல் விரித்தாற்போல் பிரிந்திருந்தது.

"என்ன வெச்சுக் கட்டுனீங்க?"

"ஆமணக்கு இலைங்க."

"பிளாஸ்டிக்தானே வேண்டாம்னாங்க, இலைக்கு என்னன்னு நெனச்சீங்களா?"

தலையாட்டினேன்.

"தோலுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. மூடி, சூடா வெச்சா நீங்க போட்ட கொஞ்ச மருந்தே பல மடங்கு உள்ள போகும். பக்கத்துத் தோலுக்கும் பரவும். இன்னும் ஒரு மாசம் இப்படியே போட்டிருந்தா தோல் திரும்பி வந்திருக்காது. இது வந்துடும்." கொப்புளத்துக்கு வேறு மருந்து எழுதினார். "பழைய ஆயின்மென்ட்டை ஒரேயடியா நிறுத்தினா நோய் வேகமா திரும்பும். தோல் தேறினதும் வாரத்துல ரெண்டு நாள் மட்டும், அதே விரல் நுனி அளவு. எப்ப ஆரம்பிக்கணும்னு அடுத்த வாரம் பாத்துட்டுச் சொல்றேன். மத்தபடி தினமும் இந்தக் களிம்பு. இதுல மருந்தே கிடையாது, தோலை ஈரமா வெக்கும், அவ்வளவுதான். எத்தனை தடவை வேணும்னாலும் போடலாம்." சீட்டை நீட்டும்போது, "இலை கட்டினவங்களைத் திட்டாதீங்க" என்றார்.

திட்டுவது என் பட்டியலிலேயே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அக்காவிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். முதலில் நன்றி, அடுத்து நல்ல செய்தி, பிறகு இலை. வீட்டுக்குப் போனால் மணை போட்டிருந்தது. அன்றைய இலை அடுப்போரம் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் கடைசி வாக்கியம் முதலில் வந்துவிட்டது.

"அப்ப எங்கையாலதான் கெட்டுச்சா?" என்றார் அக்கா.

"உங்க கையால இல்லீங்க. இலையாலதான்."

"எலைய வெச்சது எங்கைதான?"

அவர் இலையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். எனக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாரைத் திட்டவில்லை.

டாக்டர் நாள் சொன்ன பிறகு, சனிக்கிழமை நானே டியூபோடு போய் நின்றேன். அக்கா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். நான் கொடுத்ததை ஒரே விரலின் நுனியால், சுடுகல்லைத் தொடுவது போலத் தொட்டுத் தொட்டு வைத்தார். "போதுமா? சாஸ்தி ஆயிடலயே? நீயே போட்டோ புடிச்சிப் பாத்துக்கோ" என்றார். படமெடுத்துப் பார்த்தேன். மருந்தின் அளவு மிகச் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே.

மற்ற நாட்களில் களிம்பை நானே போட்டுக்கொண்டேன். கரண்டி இதற்கு ஒத்துவந்தது. களிம்பு எங்கே பட்டாலும் கெடுதல் இல்லை. நாலு விரல் தள்ளிப் போனால் இன்னொரு தடவை போடலாம். மெலிந்த தோல் மெல்ல மெல்லத் தேறியது. விளிம்பில் லேசாகச் சிவந்து பிறகு அடங்கியது. அம்மாவிடம் சொல்லும்படி எல்லாம் நன்றாக இருந்தது, சொன்னேன். கீழே சீரியலின் பாட்டு தொடங்குவதும் முடிவதும் மாடிக்குக் கேட்கும். முன்பு அந்த இரண்டு பாட்டுக்கும் நடுவில் நான் கீழே மணையில் இருப்பேன். இப்போது கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்து என்ன என்று யோசிப்பேன். அடுத்து ஒன்றும் இருக்காது.

சென்ற புதன்கிழமை வேலை முடிந்து வந்து குளித்தேன். பாட்டு தொடங்கியது. களிம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "என்னா பாப்பா, தண்ணி வர்லயா?"

"வருதுங்க. முதுகுக்குப் போடணும்."

"இன்னிக்கி என்னா சனிக்கெழமையா?"

"இது மருந்து இல்லீங்க அக்கா, வெறும் களிம்பு. எவ்ளோ வேணும்னாலும் போடலாம். அழுத்தித் தேச்சாலும் ஒண்ணும் ஆவாது. டாக்டரே சொன்னாங்க."

அக்கா டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தார். வாசனை எதுவும் இல்லாததில் அவருக்குத் திருப்தி இல்லை என்பது தெரிந்தது.

"கரண்டி என்னாச்சி?"

இந்தக் கேள்விக்கு நான் வாக்கியம் தயார் செய்திருக்கவில்லை. "அது சோத்துக்குங்க" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு வெங்காய முறத்தைத் தள்ளி வைத்தார். "கையெல்லாம் வெங்காய நாத்தம்."

"இருக்கட்டுங்க."

"எலை கிலைன்னு நான் எதுவும் வெக்க மாட்டன். பொறவு உங்க டாக்டரம்மாவுக்கு எவ பதிலு சொல்றது?"

காலால் மணையை என் பக்கம் தள்ளினார். திரும்பி உட்கார்ந்தேன். டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. விரல் நுனியால் எடுக்கவில்லை. கை நிறைய எடுத்திருக்க வேண்டும், முதுகில் பட்டதும் அவ்வளவு குளிர்ந்தது. நான் நெளிந்தேன்.

"ஆடாத" என்றார் அக்கா. டிவியில் மாமியார் ஏதோ சொன்னாள். "இவ ஒருத்தி" என்று ஆரம்பித்தார்.