ஆற்றுக்காரர்களுக்குக் கொடுத்த பெண்

தெம்ரியை மீனுக்குக் கொடுத்தார்கள். இதை வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்போது அவளுக்குப் பதினாலு வயது இருக்கும். எனக்கு எட்டு. அடுத்தடுத்த வீடு. பிற்பாடு அவளுடைய தம்பி ஹுர்ஷைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

எங்கள் ஆட்கள் பூட்டன் காலத்தில் தெற்கேயிருந்து கடலைத் தாண்டி வந்தவர்கள். படகில் விதையும் ஆடும் ஏற்றி வந்து, தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்து, பெரிய ஆற்றுக்கு அரைநாள் தூரத்தில் காட்டை எரித்து ஊர் போட்டார்கள். கொண்டுவந்த கோதுமைக்கு இந்தக் குளிர் பழக்கமில்லை. அந்த வருஷம் அறுப்பு நேரத்தில் விடாமல் மழை பிடித்து, கதிரெல்லாம் கறுத்துப் போயிற்று. பனிக்காலம் பாதி கழிவதற்குள் ஆடுகளில் சினையாடு தவிர எல்லாவற்றையும் தின்று தீர்த்தோம். என் அண்ணன்கள் இரண்டு பேரும் அப்போதுதான் செத்தார்கள்.

விதைத் தானியம் மட்டும் பெரிய மண்குதிரில் இருந்தது. தெம்ரி தன் அப்பாவிடம் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

"அதுல ரெண்டு கை போட்டுக் கஞ்சி காச்சினா என்னப்பா?"

"வெதைய தின்னுட்டா அடுத்த வருசம் மண்ணைத்தான் திங்கணும். பொண்ணு போனா இன்னொண்ணு பொறக்கும். வெதை போனா பொறக்குமா?"

மறுநாளே அவளை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆற்றுக்காரர்கள் அந்த மலையிடுக்கில் எத்தனையோ காலமாக இருப்பவர்கள். விதைக்க மாட்டார்கள், ஆடு வளர்க்க மாட்டார்கள். ஆள் நீள மீன் பிடித்து, புகை போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். அவர்களுக்குப் பெண் குறைவு. தெம்ரி போனாள், கருவாடு வந்தது. நானும் தின்றேன். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அங்கே அவளை முதலில் 'புல்லுக்காரி' என்றுதான் கூப்பிட்டார்களாம். மாமியார்க்காரி அவள் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "புல்லைத் தின்னு வளர்ந்தவளா? அப்ப இவ பொண்ணா, மானா?" என்று கேட்டு ஊரையே சிரிக்க வைத்தாளாம். நாலைந்து வருஷம் அவளுக்கு வீட்டுக்குள் இடமில்லை. மீன் அறுக்கும் கொட்டகையில் படுத்தாள். இரண்டு பிள்ளை பெற்றாள், இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாகத் தூமி பிறந்து, ஒரு பனிக்காலத்தையும் தாண்டியபிறகுதான் மாமியார் தன் அடுப்புக்குப் பக்கத்தில் அவளுக்குத் தோல் விரித்தாள்.

இதெல்லாம் அவளே சொன்னது. பனி கரைந்ததும் ஆற்றுக்காரர்கள் மீன் கொண்டுவருவார்கள், நாங்கள் பால்கட்டியும் மண்பானையும் கொடுப்போம். அவளும் வருவாள், அவள் புருஷன் வோக் கூடவே வருவான். நல்ல உயரம், மூக்கு உடைந்தவன், வாய் ஓயாது. ஹுர்ஷைப் பார்த்து, "மச்சான், நீ ஆட்டை மேய்க்கிறியா, ஆடு உன்னை மேய்க்குதா? எப்பப் பாரு அதுதான் முன்னால போவுது, நீ பின்னாலயே ஓடுறே" என்பான். தெம்ரி அவன் முதுகில் தட்டிச் சிரிப்பாள். அப்படி அவள் அப்பா வீட்டில் இருந்தபோது சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு தெற்கிலிருந்து இன்னும் இருபது குடும்பம் வந்து சேர்ந்தது. காடு இன்னும் எரிந்தது. மரம் போன சரிவுகளிலிருந்து மழைக்கு மண் கரைந்து ஓடை வழியே ஆற்றில் விழுந்தது. மீன் முட்டையிடும் இடமெல்லாம் சேறாகிவிட்டது என்று ஆற்றுக்காரர்கள் வந்து சொன்னார்கள். எங்களில் ஒருவரும் காது கொடுக்கவில்லை. அந்தக் குளிரில் அவர்கள் எங்கள் ஆடுகளை அம்பெய்து தூக்கிப்போனார்கள். நாலு கால் இருந்தால் அவர்களுக்கு அது வேட்டை. ஹுர்ஷின் ஆடுகளில் பாதி போயிற்று.

ஊர்ப் பெரியவன் இஷ்பார் ஆண்களைக் கூட்டி வைத்துப் பேசினான். "அவங்க இருக்கிற வரைக்கும் நம்ம ஆடு நமக்கில்ல. கரையோரம் கறுப்பு மண்ணு, கை வச்சா மொளைக்கும். இன்னும் எத்தனை நாளைக்குப் பாத்துக்கிட்டே இருக்கிறது?" ஹுர்ஷ் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆண்கள் ஆற்றுக்குப் போவதற்கு முந்தின நாள் தெம்ரி வந்தாள். கொஞ்சம் மீன் கொண்டுவந்திருந்தாள், ஆட்டுக்கு ஈடாக. தூமியும் வந்திருந்தான், ஒன்பது வயசு. அவளுக்கு ஒரு கிண்ணம் பால் கொடுத்தேன். அவள் முற்றத்தைப் பார்த்தாள். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து கல்கோடாலிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி இது, ஊரே உக்காந்து கோடாலி தீட்டுது?"

"காடு வெட்டப் போறாங்க அண்ணி" என்றேன்.

பாலைக் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தூமிக்குக் கொடுத்துவிட்டு, வெயில் இறங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். பையன் போகிற வழியில் எங்கள் குட்டியாடு ஒன்றைத் தடவிக் கொடுத்தான்.

மறுநாள் விடியும்போது ஆற்றுக்காரர்கள் ஊரில் புகுந்து அடித்தார்கள். வோக்கைக் கொன்றது யார் என்று எனக்குத் தெரியாது. தான் இல்லை என்று ஹுர்ஷ் சொல்கிறான். ஆண்பிள்ளைகளையும் விட வேண்டாம் என்று இஷ்பார் முன்கூட்டியே சொல்லியிருந்தான். தூமி ஹுர்ஷை அடையாளம் கண்டு "மாமா" என்று ஓடிவந்தானாம். பக்கத்தில் நின்றவன் அடித்தான். ஹுர்ஷ் தடுக்கவில்லை. இதைக் குடித்திருந்தபோது அவனே ஒருதரம் சொன்னான், மறுபடி சொன்னதில்லை.

தெம்ரியைக் கையைக் கட்டிக் கூட்டிவந்தான். வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்னான், "எங்கக்காவ மீட்டுக்கிட்டு வந்துட்டேன்." பெண்கள் குலவையிட்டார்கள். நானும்தான்.

மூன்றாம் நாள் அவள் ஓடிப்போனாள். ஹுர்ஷ் தேடிப் போனபோது, எரிந்த வீடுகளுக்கு நடுவே கையால் தோண்டிக்கொண்டிருந்தாளாம். புருஷனையும் பையனையும் ஆற்றுக்காரர்கள் வழக்கப்படி ஆற்றுப் போக்கில் தலை வைத்துப் படுக்கவைத்து, செங்காவி தூவியிருந்தாள். மாமியாருக்குக் குழி பாதி தோண்டியிருந்தது. முடிக்க விடாமல் இழுத்துவந்தான். மறுபடி ஓடினாள். அந்தத் தடவை இழுத்துவந்ததும் அவள் குதிகால் நரம்பைக் கல்கத்தியால் அறுத்தான். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். யாராவது பிடிக்க வேண்டியிருந்தது.

நடக்க முடியாதவளுக்கு அரைகல்தான் வேலை. முட்டி போட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, காலையிலிருந்து சாயங்காலம் வரை கோதுமை அரைத்தாள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு "மீன்காரி, மீன்காரி" என்று ஓடுவார்கள். அங்கே புல்லுக்காரி, இங்கே மீன்காரி. அவள் எங்கள் பேச்சையே விட்டுவிட்டாள். என் மகளை மடியில் போட்டுக்கொண்டு ஆற்றுக்காரர்கள் பாஷையில் ஏதோ முணுமுணுப்பாள். குழந்தை முதலில் பேசின சொல்லே அதுதான். தண்ணீருக்கான சொல். ஹுர்ஷ் குழந்தையை அடித்தான்.

ஒரே ஒருதரம் என்னிடம் எங்கள் பேச்சில் பேசினாள். நானும் எதிரே உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருந்தேன், என் மகள் பக்கத்தில் படுத்திருந்தாள்.

"அன்னைக்கு நீ என் மொகத்தைப் பாக்கல. காடு வெட்டன்னு கீழ குனிஞ்சுக்கிட்டே சொன்னே. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

அரைக்கிறதை நிறுத்தினேன். "புரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"போய்ச் சொல்லியிருப்பேன். அவங்க முந்திக்கிட்டு வந்திருப்பாங்க. உன் புருசனை, உன்னை, வயித்துல இருந்த இவளை, எல்லாரையும் வெட்டியிருப்பாங்க."

"நீங்க பாத்துக்கிட்டு இருந்திருப்பீங்களா?"

"நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?" என்று சொல்லிவிட்டு இன்னொரு கைப்பிடி தானியம் அள்ளிப் போட்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். "அரை, சாயங்காலம் ஆவுது" என்றாள்.

கரையோரத்துக் கறுப்பு மண் இஷ்பார் சொன்னபடியே விளைந்தது. மூன்று அறுப்புக்குள் எங்கள் ஊர் இரண்டு மடங்காயிற்று. ஒரு குழந்தைகூட பட்டினியில் சாகவில்லை.

ஆறாவது பனிக்காலத்தில் தெம்ரிக்கு இருமல் வந்தது. பத்து நாள் இருமிக்கொண்டே அரைத்தாள், பதினோராம் நாள் எழுந்திருக்கவில்லை. உடம்பைக் கழுவியது நான்தான். மடங்கிப்போன கால்விரல்களை எவ்வளவு நீவியும் நிமிர்த்த முடியவில்லை.

ஆற்றுப் போக்கில் தலை வைத்துத் தன்னைப் படுக்கவைக்க வேண்டும் என்று அவள் என் மகளிடம் சொல்லியிருந்தாள். ஆறு வயதுக் குழந்தை அதை ஹுர்ஷிடம் சொன்னது. "நம்ம வீட்டுப் பொண்ணு, நம்ம மாதிரிதான் பொதைப்போம்" என்றான். முழங்காலை நெஞ்சோடு மடக்கிக் கட்டி, குதிருக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தான். எந்தத் திசையில் தலை வைத்தான் என்று நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் மாவு இல்லாமல் அவன் கத்தினான். நான் போய் அரைகல்லுக்கு முன்னால் முட்டி போட்டேன்.