மாட்டுக்கொட்டகைக்குப் போன கூரை

பாலைவனத்தில் விவசாயமா என்று ஊரில் இன்றைக்கும் நம்பாமல் கேட்கிறார்கள். துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமா மலையடிவாரத்தில் எழுபதுகளிலேயே நாங்கள் தக்காளி போட்டோம், பேரீச்சைக்குத் தண்ணீர் கட்டினோம், மாட்டுக்குக் குதிரைமசால் அறுத்தோம். ராமநாதபுரத்தில் மழையை நம்பிக் கெட்டவன் நான். அங்கே பம்பு போட்டால் தண்ணீர். வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மனிதர்கள் மேல்தான்.

கோடை தொடங்கிய ஒரு மதியம் சுழல்காற்று வந்தது. நம் ஊர்ப் பொட்டலில் குப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுமே, அந்தப் பேய்க்காற்றுதான். ஆனால் பனை உயரத்துக்கும் மேலே, மண் நிறத்தில். தக்காளியைக் குச்சியோடு பிடுங்கியது. பேரீச்சையில் ஒரு வரிசையைத் தலையைத் திருகிப் போட்டது. மோட்டார் ரூமை இடித்தது. மாட்டுக்கொட்டகையின் கூரையை மலைப்பக்கம் கொண்டுபோய் எறிந்தது; ஒரு தகரம்கூட உருப்படியாக இல்லை. எங்கள் ரூம் மட்டும் எப்படியோ தப்பியது. ஆனால் பறந்துவந்த கட்டை ஒன்று, என்னோடு ரூமில் இருந்த பட்டுக்கோட்டைக்காரரின் இடுப்பில் அடித்துவிட்டது. எலும்பில் விரிசல், அசையாமல் படுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

மறுநாள் காலை, பண்ணைக்குச் சொந்தக்கார அரபி வைத்திருந்த அதிகாரி வந்தார். விவசாயம் படித்த மதராஸ்காரர், டவுனில் குடும்பத்தோடு இருந்தவர். தமிழ் பேசும் அதிகாரி வாய்த்ததில் எங்களுக்குப் பெருமை வேறு. பாத்தி பாத்தியாக நடந்து பார்த்தார். விழுந்த மரங்களைத் தொட்டுப் பார்த்தார். மாடுகளிடம் நெடுநேரம் நின்றார். அந்த மாடுகள் விமானத்தில் வந்தவை. நாங்கள் லாஞ்சுப் படகில் வந்தவர்கள். அப்புறம் எங்கள் ரூமை அண்ணாந்து பார்த்தார்.

“இந்தத் தகரத்தைப் பிரிச்சு கொட்டகைக்குப் போடுங்கப்பா. புதுசு வர்ற வரைக்கும்தான்.”

“உள்ள அடிபட்ட ஆளு படுத்திருக்காரு சார்,” என்றேன்.

“தெரியும்பா. மேல சாக்கைக் கட்டிக்குங்க. மாடு வெயில்ல நின்னா பால் வத்திடும். நீங்கல்லாம் இந்துதானே? கோமாதா வெயில்ல நிக்கும்போது நமக்கு நிழல் கேக்குதா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமியைக் காட்டி வாயை அடைக்கிறவனைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு ஆகாது. ‘நமக்கு’ என்றாரே, அவர் வீட்டில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது! ஆனாலும் கோமாதா என்றதும் யாருக்கும் மறுத்துப் பேச நா எழவில்லை. மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் அடித்து வளர்ந்தவர்கள்தானே எல்லோரும். பிரித்துக் கொண்டுபோய்க் கொட்டகையில் போட்டோம்.

சாக்கு என்ன வெயிலைத் தடுக்கும்? இரண்டாம் நாளே பட்டுக்கோட்டைக்காரருக்குக் காய்ச்சல் கண்டது, உதடு வெடித்தது.

“அண்ணே, என்னயத் தூக்கிட்டுப் போயி மாட்டுக்குப் பக்கத்துல போட்ருங்க,” என்றார்.

நியாயம்தான், எங்கள் கூரை அங்கேதானே இருந்தது. கட்டிலோடு தூக்கிப்போய்க் கொட்டகையின் கோடியில் வைத்தோம். மாடுகள் ஒன்றும் சொல்லவில்லை.

அதிகாரிதான் சொன்னார். “யாரைக் கேட்டு இங்க படுக்க வச்சீங்க? மனுஷங்க நோய் மாட்டுக்குத் தொத்தும். யல்லா, வெளிய எடுங்க.”

இடுப்பெலும்பில் விழுந்த விரிசல் மாட்டுக்குத் தொற்றுமாம். படித்த வாயில் வருகிற பேச்சா இது? எங்கள் கூரையைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டபோது நாங்கள் இந்து. அந்தக் கூரைக்கடியில் வந்து படுத்தால் நாங்கள் நோய். கட்டிலில் கிடந்தவர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெயிலுக்கு மறுபடி தூக்கிப்போனால் அவர் தாங்கமாட்டார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அதிகாரிக்கும் தெரியும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற மாட்டை அவிழ்த்து, நடுவில் நிழல் இருந்த இடமாகப் பார்த்துக் கட்டினேன். மாட்டின் மேல் எனக்கு என்ன கோபம்? அப்புறம் ஏணியைச் சாத்தி ஏறி, கட்டிலுக்கு மேலிருந்த தகரத்தின் ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

“டேய், என்ன பண்றே? இறங்குடா! அரபிகிட்ட சொல்லி உன்னை ஊருக்கே அனுப்பிடுவேன்.”

“அனுப்புங்க சார். ஊர்ல எங்க வீட்டுக்குக் கூர இருக்கு.”

கீழே நின்றவர்கள் கையை நீட்டித் தகரத்தை வாங்கிக்கொண்டார்கள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று; எங்கள் ரூமில் ஒரு கட்டிலுக்கு மேலே போட அது போதும். அதிகாரி காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். சொன்ன சொல் தவறாதவர், அந்த மாதமே என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது பட்டுக்கோட்டைக்காரர் எங்கள் ரூமில், தகரத்துக்கடியில், நிழலில் படுத்திருந்தார்.