சேம்பு நிழலில் இரண்டு ஆமைகள்

ஜப்பானியர் ஆட்சியில், வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் எல்லாம் கிழங்கு பயிரிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. காஜா பெராங் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுப் பின்புறத்தில் என் மனைவி இரண்டு காட்டாமைகளை வளர்த்துவந்தாள். வாழை நிழலும் மக்கிய சருகுமாக எப்போதும் ஈரம் காயாதிருந்த அவற்றின் மூலையை நான் ஒரே நாளில் வெட்டித் துப்புரவாக்கி, மரவள்ளிக் குச்சிகளை வரிசையாக நட்டேன். வெயிலில் ஆமைகள் ஓட்டுக்குள் ஒடுங்கின. மூன்று நாள் எதையும் தின்னவில்லை.

“அளவெடுத்து நட்டீங்க, சரி. அதுங்க எங்க போய் ஒதுங்கும்? செத்துப் போயிடுமே,” என்றாள்.

“நாம சாப்பிட வேணாமா?” என்றேன்.

அவள் மறுநாள் அந்த மூலையில் மட்டும் குச்சிகளைப் பிடுங்கிவிட்டு, ஓடைக்கரையிலிருந்து அகன்ற இலைகளோடு பெயர்த்துவந்த சேம்பை நெருக்கமாக நட்டாள். சருகை மீண்டும் பரப்பிக் கிணற்று நீரை ஊற்றினாள்.

தெருவைக் கண்காணிக்க நியமிக்கப்பட்டிருந்த மளிகைக் கடைக்காரர் அன்றே பார்வையிட வந்தார்.

“என்ன தங்கச்சி, ஆமைக்குப் பந்தலா?”

“சேம்பும் கிழங்குதானே, பாய்? வேணும்னா தோண்டிப் பாருங்க.”

அவர் சிரித்தபடியே போய்விட்டார்.

மாலையில் அவள் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள்: “வந்து பாருங்களேன், பெரிசு பப்பாளி தின்னுது!” நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையை உயர்த்தவில்லை. அவளிடம் தோற்றுவிட்டதாக நினைத்தேன். இருட்டும் வரை அவள் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மறைந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அன்று நான் எழுந்து போயிருக்கலாம்.