புளிக்கறைப் புத்தகம்

புளி கரைக்கும் வாசம் வந்தால் மற்றவர்களுக்கு நாவில் நீர் ஊறும். எனக்குச் சிரிப்பு வரும். அதிலும் ஊறிய புளியோடு மழை ஈரமும் விறகுப் புகையும் வழவழப்பான காலண்டர்த் தாளின் வாசமும் கலந்து வந்துவிட்டால், என்ன ஏது என்று தெரியாமலே உதடு விரிந்துவிடும். ஈப்போவில் நான் வேலை பார்க்கும் பல் மருத்துவரின் கிளினிக்குக்கு அடுத்தாற்போல் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. காலையில் அவர்கள் மீன்குழம்புக்குப் புளி கரைக்கும் நேரத்தில்தான் எங்களுக்குக் கூட்டம் அதிகம். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் பெயரைக் கேட்டு எழுதும்போது நான் இளித்துக்கொண்டிருப்பேன், அவர்கள் முறைப்பார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்ல முடியாது, ஏனென்றால் இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதில் இப்போது எனக்கே பெரிய குழப்பம்.

பீடோரிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் வளர்ந்தேன். ஆண்டுக் கடைசியில் பள்ளி விடுமுறையும் அடைமழையும் சேர்ந்தே வரும். விடியற்காலை மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. 'வெட்டு இல்லை' என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை, ஆகவே பெரியவர்கள் வானத்தைத் திட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். ஆனால் திட்டி முடித்து, கோப்பி கலக்கிக் குடித்து, ஈரச் சட்டையை அடுப்புக்கு மேலே காயப் போட்டதும், ஒட்டி ஒட்டி வரிசையாக நின்ற எங்கள் லயத்து வீடுகளில் ஒவ்வொன்றாகக் கதைப் புத்தகங்கள் வெளியே வரும். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்தும் தலையணைக்கு அடியிலிருந்தும் வரும். மழைக்காலம் என்றால் எங்களுக்குச் சிரிக்கிற காலம்.

அந்தப் புத்தகங்கள் எல்லாம் பீடோர் டவுனில் இருந்த 'காக்கா கடை'யிலிருந்து வந்தவை. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், 'காக்கா' என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். பருப்பு, சீயக்காய், தலைவலித் தைலம் எல்லாவற்றோடும் பழைய கதைப் புத்தகங்களையும் ஒரு மூலையில் அடுக்கி வைத்திருப்பார். புத்தக அட்டைகளில் பெரும்பாலும் தலையைச் சாய்த்துப் பார்க்கும் ஒரு பெண்ணின் படம் இருக்கும். அதைக் கண்டால் வீட்டு ஆண்களுக்குப் பொறுக்காது. அதனால் வாங்கி வந்த உடனே போன வருடத்துக் காலண்டர்த் தாளை வெட்டி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி அட்டை போட்டுவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பள்ளிப் பாடப் புத்தகம்தான். கை மாறி மாறி உள்ளே இருக்கும் படம் போட்ட மேலட்டையும் முதல் சில தாள்களும் கழன்று போகும். அத்தோடு கதையின் பெயரும் எழுதியவர் பெயரும் போய்ச் சேர்ந்துவிடும். பெயர் போனதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அட்டையில் என்ன அடையாளமோ அதுதான் புத்தகத்தின் பெயர்: 'எலி கடிச்சது', 'மண்ணெண்ணெய்', 'பாப்பா கிறுக்குனது'.

'புளிக்கறை' பிறந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அக்கா லெட்சுமி அப்போது பள்ளியை விட்டு அம்மாவோடு பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். வெட்டு இல்லாத ஒரு காலையில், ஒரு கை புளிச் சட்டியிலும் மறு கை புத்தகத்திலுமாக அடுப்படியில் உட்கார்ந்திருந்தவள், திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, பிடிமானத்துக்கு எதையாவது பிடிக்க வேண்டும் என்று புளிக் கையாலேயே புத்தகத்தைப் பிடித்துவிட்டாள். வெள்ளை அட்டையில் நெஞ்சை நிமிர்த்திய வாத்து மாதிரி ஒரு கறை. முன்கட்டிலிருந்து அப்பா சத்தம் போட்டார்: "பொம்பள சிரிச்சா போச்சு, பொகையில விரிச்சா போச்சு!" அதைக் கேட்டதும் அக்காவுக்குச் சிரிப்பு இன்னும் கூடி, கண்ணில் நீர் வழிய, புளிக் கையாலேயே அதையும் துடைத்து, கண் எரிந்து, எரிகிறதே என்று அதற்கும் சிரித்தாள். அம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு, "இவளுக்குப் பேய் புடிச்சிருச்சி" என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். கூலி இல்லாத காலையில் அம்மா சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என்ன கதை என்று கேட்டேன். "ஒன் மொறை வரட்டும்" என்றாள் அக்கா. அதுதான் எங்கள் லயத்துச் சட்டம். படித்து முடித்தவர் புத்தகத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது கதையில் ஒரு சொல்லைக்கூடச் சொல்லக் கூடாது. புத்தகம் எப்படி என்பதை உடம்பை வைத்துத்தான் சொல்வார்கள். "வயிறு புடிச்சிக்கும்" என்றால் நல்ல புத்தகம். "வெலா எலும்பு வலிக்குது" என்றால் அதைவிட நல்லது. எல்லாவற்றுக்கும் மேலான பாராட்டு ஒன்று உண்டு: "கோப்பி குடிக்கிறப்ப மட்டும் படிச்சிறாதே." அந்த ஒரு சொல் போதும், அடுத்த வீட்டில் கை நீளும். சிறுவர்களுக்கு முறை கடைசியில்தான். அக்கா படித்துக் கொடுத்த 'புளிக்கறை' லயத்தைச் சுற்றிவிட்டு என் கைக்கு வந்தபோது மழைக்காலமே முடியப் போனது.

பெண் பார்க்கப் புறப்பட்ட ஒரு மாப்பிள்ளை, தெரு மாறி வேறொரு வீட்டுக்குள் போய்விடுகிறான். அந்த வீட்டில் அவன் யார் என்று கேட்க எல்லாருக்கும் கூச்சம். நீங்கள் யார் என்று கேட்க அவனுக்கும் கூச்சம். ஆகவே நாள் கணக்கில் அவனுக்கு விருந்து நடக்கிறது. இதுதான் நான் படித்த கதை. வாத்துக் கறையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே படித்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டேன், "புளிக்கறை முடிச்சிட்டேன்க்கா" என்று போய்ச் சொன்னேன். "நான்தான் சொன்னேன்ல" என்றாள் அக்கா. அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. கதையைப் பேசுவது முறை இல்லையே.

சென்ற ஆண்டு அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிட்டவர், தவறிப் போனார். அக்கா வீடு ஈப்போவிலேயே, என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. காரியங்கள் எல்லாம் முடிந்தபின் அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த புத்தகங்களை எல்லாம் பெட்டியில் கட்டி, எனக்கு எதற்கு இதெல்லாம் என்று கதவோரம் வைத்துவிட்டாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அக்கா என்னிடம் சிரித்துப் பேச மாட்டாளோ என்றில்லை, சிரிக்கவே மறந்துபோவாளோ என்ற பயம்.

நான் ஒரு வாசகர் குழுவில் இருக்கிறேன், வாட்ஸ்அப்பில். எங்கள் நாட்டுப் பத்திரிகைகள் சொல்கிற மாதிரி 'புலனத்தில்'. சிரிக்க வைக்கிற, மனதுக்கு இதமான, முக்கியமாக யாரும் சாகாத கதை ஒன்று சொல்லுங்கள் என்று அதில் கேட்டேன். பரிந்துரைகள் கொட்டின. "அருமையான நகைச்சுவை, கடைசியில் கதறிவிட்டேன்" என்றார் ஒருவர். "சிரித்துக்கொண்டே இருப்பீர்கள், அந்தக் குழந்தை இறக்கும்வரை" என்றார் இன்னொருவர். எதை எடுத்தாலும் நடுவில் ஒரு பாடை கட்டாமல் நம்மவர்களுக்கு மனம் ஆறுவதில்லை. அழுதேன் என்று சொல்வதுதான் புத்தகத்துக்குச் செய்யும் மரியாதை என்று ஆகிவிட்டது. விலா எலும்பு வலித்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்குப் 'புளிக்கறை' ஞாபகம் வந்தது. அந்தக் கதையையே தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டால் என்ன? பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது. ஆனால் கதை தெரியும், அதைப் படித்த ஆட்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு அடுத்த வீட்டில் புதுப்பெண்ணாக வந்து இறங்கிய பார்வதி அக்கா இப்போது சித்தியவானில் மகனோடு இருக்கிறார். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தெரு மாறிப்போன மாப்பிள்ளை கதையின் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மாப்பிள்ளையா? புளிக்கறையில ஏது மாப்பிள்ளை? அது ஆட்டுக் கதை லா. கல்யாண மாலையை ஆடு தின்னுட்டு மணமேடையில ஏறிப் படுத்துக்குமே!"

சரி, வயதாகிவிட்டது, மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு பாகான் டத்தோவில் இருக்கும் குணா அண்ணனைக் கூப்பிட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்து லோரி ஓட்டியவர், டவுனுக்குப் போகும்போது காக்கா கடையிலிருந்து புத்தகங்களைச் சுமந்து வந்தவரும் அவர்தான். அவர் என்னை அதட்டினார். "ஆடும் இல்ல, மாடும் இல்ல. பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு அண்ணந்தம்பி ஒரே சைக்கிள வச்சிக்கிட்டு அல்லாடுற கதை. வாத்து மாதிரி கறை இருக்கும். நான் பொய்யா சொல்றேன்?"

வாத்து மாதிரி கறை என்று அவர் சொன்னதும் எனக்குத் தலை சுற்றியது. மூன்று பேருக்கும் அதே வாத்து, மூன்று பேருக்கும் வேறு வேறு கதை. யாருக்கு ஞாபகம் பிசகியது? எனக்கா? அந்த மாப்பிள்ளையை நானே கனவு கண்டேனா? கிளினிக்கில் ஒருவருடைய பெயருக்கு நேரே இன்னொருவரின் பல்லைப் பதிந்துவைத்து, மருத்துவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பொறுக்க முடியாமல் பார்வதி அக்காவை மறுபடி கூப்பிட்டு, குணா அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அவர் சாவகாசமாக, ஏதோ வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுவது போலச் சொன்னார்:

"இருக்கும் லா. அந்த அட்டை நல்ல கெட்டி. எங்க வீட்டு ஆட்டுக் கதைக்கு அட்டை கிழிஞ்சிருச்சின்னு புளிக்கறை அட்டையக் கழட்டி அதுக்குப் போட்டேன். புளிக்கறைன்னாத்தானே எல்லாரும் வாங்குறாங்க? எனக்குப் பிறகு வேற யாரும் மாத்திப் போட்டாங்களோ என்னமோ."

இவ்வளவு காலமும் நான் ஒரு புத்தகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வெறும் அட்டை. யாருக்கு எந்தக் கதை பிடித்ததோ, அதை நாலு பேர் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அதற்கு அந்த அட்டையை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அப்படியானால் அன்று காலையில் அக்கா எதைப் படித்துச் சிரித்தாள்? மாப்பிள்ளையா, ஆடா, சைக்கிளா, இல்லை நாங்கள் யாருமே பார்க்காத வேறொரு கதையா? அக்காவிடமே போய்க் கேட்டேன். ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "எப்பவோ சிரிச்சதுக்கெல்லாம் இப்ப கணக்கா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கறை தெரிகிறது, சிரிப்புச் சத்தம் காதில் கேட்கிறது, கதை மட்டும் இல்லை.

அன்று நான் செய்தது புத்திசாலித்தனமா பைத்தியக்காரத்தனமா என்று இன்னும் தெரியவில்லை. ஈப்போவில் ஒரு புத்தகக் கடைக்குப் போய், யாரும் சாகாத கதை ஏதாவது கொடுங்கள் என்றேன். அங்கே இருந்த பெண் ஒரு நொடி யோசித்துவிட்டு, புதிதாக வந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து மேலட்டையையும் முதல் சில தாள்களையும் கிழித்தேன். காலண்டர்த் தாளுக்கு அலைந்தேன். இப்போது வரும் காலண்டர்கள் எல்லாம் மெலிந்து போய், ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கம் தெரிகிறது. கடைசியில் கிளினிக் சுவரில் மாட்டியிருந்த, பற்பசைக் கம்பெனி கொடுத்த பழைய காலண்டர் அகப்பட்டது. வெள்ளைப் பக்கம் வெளியே வர அட்டை போட்டு, புளியைக் கரைத்துக் கையை வைத்தேன். வாத்து வரவில்லை, உருளைக்கிழங்குதான் வந்தது. காய வைத்து, அக்கா வீட்டு அடுப்படி மேடையில் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது, அவசரத்தில் அந்தக் கதையை நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

இடையில் ஒரு நாள் பீடோர்ப் பக்கம் போக நேர்ந்தது. எங்கள் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரமே இல்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனை அணிவகுத்து நிற்கிறது. செம்பனைக்கு மழை நாள், வெயில் நாள் என்ற பேச்சு அவ்வளவாக இல்லை. லயம் இருந்த இடத்தை நிதானிக்கக்கூட முடியவில்லை. காக்கா கடையில் கைப்பேசி விற்கிறார்கள். மழை பெய்தது, காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். "வெட்டு இல்லை" என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அன்று மாலை அக்காவே தொலைபேசியில் கூப்பிட்டாள். மாமா போன பிறகு அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"ஏய் மல்லி, எங்கேருந்து புடிச்சே இதை? அதே புக்குதான் லா! அந்த ஆளு மாடிப்படியில மாட்டிக்கிற எடம் வந்துச்சி பாரு, எல்லாம் ஞாபகம் வந்திருச்சி. சிரிச்சிச் சிரிச்சி இன்னும் வெலா வலிக்குது."

கடைக்குப் புதிதாக வந்த புத்தகம் அது. மை வாசம்கூடப் போயிருக்கவில்லை. அதே புத்தகமாக எப்படி இருக்கும்? அக்காவுக்கு ஞாபகம் தடுமாறுகிறதா, என் வேலையைக் கண்டுபிடித்துவிட்டு என்னோடு விளையாடுகிறாளா, இல்லை அன்றும் ஒரு ஆள் மாடிப்படியில் மாட்டிக்கொண்டு தவித்தானா? அது இல்லையக்கா என்று மறுக்கலாம் என்றால், உள்ளே என்ன கதை என்று எனக்குத்தான் தெரியாதே. அவள் குரலில் சிரிப்பு மிச்சமிருந்தது. அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. எந்த ஆளு, எந்த மாடிப்படி, கதையைச் சொல்லேன் அக்கா என்று கெஞ்சினேன்.

"கதையைச் சொல்லக் கூடாது லா, மொறை தெரியாதா ஒனக்கு? சித்தியவானுக்குத் தபால்ல போஸ் பண்ணிட்டேன், பார்வதி கேட்டா. கோப்பி குடிக்கிறப்ப மட்டும் படிச்சிறாதேன்னும் சொல்லிட்டேன். அவ முடிச்சதும் குணா அண்ணனுக்கு. ஒனக்கு அதுக்குப் பிறகுதான்."

சரி என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். அக்கா எதற்குச் சிரித்தாள் என்று தெரிந்துகொள்ள, கறையைப் பூசிய நானே இப்போது வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறேன்.