மாஸ்ரரும் மூன்று சாத்திரிமாரும்

பண்டத்தரிப்பில் ஆங்கில ரியூசன் என்றால் கேதீஸ்வரன் மாஸ்ரர்தான். ஆங்கில மரபுத்தொடர்களில் மனிதருக்குத் தனிப் பித்து. அதிலும் ‘செரி பிக்கிங்’ வந்துவிட்டால் பிடிக்க முடியாது. செரி மரத்தை அவரும் கண்டதில்லை, பிள்ளைகளும் கண்டதில்லை. அதனால் வகுப்பைச் சுன்னாகம் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போவார்.

“நல்ல வெங்காயமாப் பாத்து வாங்கிறது கெட்டித்தனம். அதிலை பிழையில்லை. ஆனா தனக்குத் தோதான சாட்சியை மட்டும் பொறுக்கி எடுத்து, மற்றதை மறைச்சுப்போட்டு, இதுதான் முழு உண்மை எண்டு கதைக்கிறான் பார், அதுதான் செரி பிக்கிங்!”

அரசியல்வாதி, விளம்பரக்காரன், எல்லாருக்கும் அந்த வகுப்பில் அடி விழும்.

இப்படிப்பட்டவரின் மகள் ஆரணி, வெங்காயத் தோட்டம் செய்யும் நிருஷனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். மாஸ்ரருக்கோ லண்டன் மாப்பிள்ளை வேண்டும். நேரே மாட்டேன் என்று சொன்னால் படித்த மனிதருக்கு அழகில்லையே! சாதகங்களைத் தூக்கிக்கொண்டு சுன்னாகத்துச் சாத்திரியாரிடம் போனார். பொருத்தம் திறம் என்றார் அவர். அங்கேயே இன்னொருவரிடம் போனார். அவரும் திறம் என்றார். யாழ்ப்பாண நகரில் தேடிப் பிடித்த மூன்றாமவர்தான் செவ்வாயைப் பார்த்து முகம் சுளித்தார்.

மாஸ்ரர் சந்தோசமாக வீட்டுக்கு வந்து, முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டார்.

“சாத்திரம் ஒத்து வரேல்லைப் பிள்ளை. நான் என்ன செய்ய?”

முதல் இருவரைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த இருவருமோ சந்தையில் நிருஷனைக் கண்டு, வாழ்த்தி, வெங்காயமும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். நிருஷன் சொல்லிச் சங்கதி அறிந்த ஆரணி அன்றிரவு சாப்பிடவில்லை.

மறுநாள் வகுப்பில் மாஸ்ரர், “செரி பிக்கிங்குக்கு ஒரு உதாரணம் சொல்லுங்கோ” என்றார். தேத்தண்ணியோடு வந்த ஆரணி வாசலில் நின்றாள்.

“எங்கடை அப்பா மூண்டு சாத்திரிமாரிட்டைப் போனவர். ஒராளை மட்டும்தான் வீட்டை கூட்டிக்கொண்டு வந்தவர்.”

பிள்ளைகள் கொப்பிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். மாஸ்ரர் துடைத்த பலகையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு மெல்ல, “உதாரணம் சரி” என்றார்.

விடிந்ததும் சுன்னாகம் போய்க் கலியாணத்துக்கு நாள் வைத்துக்கொண்டுதான் வந்தார்.

“சுன்னாகத்தாரை மிஞ்ச ஆளில்லைப் பிள்ளை. உந்த யாழ்ப்பாணத்தானுக்குச் செவ்வாய் எது, சனி எது எண்டே தெரியாது.”

ஆரணி அழுதுகொண்டே சிரித்தாள்.

பின்னேரம் நிருஷனின் அம்மா வந்து, “சாதகத்திலை குறை ஒண்டுமில்லையே, பிள்ளை?” என்று பயந்து பயந்து கேட்டார்.

“ஒண்டுமில்லை மாமி. ரெண்டு சாத்திரிமாரும் திறம் எண்டவை.”

மூன்றாமவரைப் பற்றி அவளும் மூச்சு விடவில்லை.