தங்கத்தைக் காந்தமாக்கிய மித்ரா

போன வெள்ளிக்கிழமை காலை, தங்கவயலிலிருந்து பெங்களூர் வரை ரயிலில் நின்றுகொண்டே போனேன். கூட என் அக்கா கணவர் தேவராஜ். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், அதை மூடும்வரை, அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். சீட் கிடைத்தும் அவர் உட்காரவில்லை, அதனால் நானும். அயர்ன் செய்த சட்டை கசங்கிவிடுமாம்.

எதற்கு இத்தனை? அவர் மகள் மித்ரா அன்று தன் பிஎச்.டி. ஆராய்ச்சியை எல்லோர் முன்பும் விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தங்கத்தில் காந்தம் ஒட்டாது – நமக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்களைத் தண்ணீரில் கலந்து, ஸ்க்ரூவின் மரை போல முறுக்கிய லேசர் ஒளியைப் பாய்ச்சினால்? துகளுக்குள் எலக்ட்ரான்கள் வட்டமடிக்கின்றன. அந்தச் சுழற்சியில் ஒவ்வொரு துகளும் குட்டிக் காந்தமாகிவிடுகிறது.

கேட்க எளிது... மித்ராவுக்கு வருடக்கணக்கில் ஆனது. நடுவில், "இது காந்தமே இல்லை, வெறும் லேசர் சூடு" என்று யாரோ சந்தேகம் கிளப்ப, படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று அழுதாள்.

அரங்கில் வந்த முதல் கேள்வியே அதுதான். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார். "சூடு இல்லை என்று எப்படி நம்புவது?"

மித்ரா நிதானமாக ஒரு வரைபடத்தைக் காட்டினாள்.

"ஒளியின் முறுக்கை வலத்திலிருந்து இடத்துக்கு மாற்றினேன், சார். சூடாக இருந்தால் எதுவும் மாறியிருக்காது. காந்தத்தின் திசை தலைகீழாகத் திரும்பியது."

தேர்வாளர் தலையாட்டினார். பார்வையாளர்களும் கேட்கலாம் என்றதும் மாமா எழுந்தார். ஏதாவது தப்பாகக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

"ஏம்மா, லைட்ட ஆஃப் பண்ணிட்டா அந்தக் காந்தம் இன்னா ஆவும்?"

மித்ரா சிரித்தாள். "உடனே பூடும்பா. லைட் இருக்கற வரைக்கும்தான். வேணும்னா போட்டுக்கலாம், வேணாம்னா நிறுத்திக்கலாம். அதுதான் இதுல விசேஷம்."

முதலில் அப்பாவுக்கு, நம் ஊர்த் தமிழில். பிறகுதான் மற்றவர்களுக்கு, ஆங்கிலத்தில்.

"நான் அடுத்து கேட்க இருந்ததும் இதுதான்" என்றார் தேர்வாளர். கொஞ்ச நேரத்தில் மித்ரா, டாக்டர் மித்ரா ஆனாள்.

பெரிய படிப்பெல்லாம் நமக்குப் புரியாது என்று நாமே ஒதுங்கிக்கொள்கிறோமே, யார் நம்மிடம் அப்படிச் சொன்னது?

திரும்பும் ரயிலில் மாமா பக்கத்து சீட்காரருக்கு முறுக்கிய ஒளி, எலக்ட்ரான், காந்தம் என்று பங்காருபேட்டை வரை விளக்கினார். நான் குறுக்கிடவில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் தப்பு – "நாங்க கண்டுபுடிச்சோம்" என்றார்.